சேத்ரியா, சுனியா, பி.கே.யா: இந்தியாவின் மிகச்சிறந்த கால்பந்து வீரர் யார்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உங்கள் மாமனார் வீட்டில் நடந்த வாக்குவாதத்தை எழுதி, தீர்ப்புச் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தியா இதுவரை கண்ட மிகச்சிறந்த கால்பந்து வீரர் யார்? 94 கோல் போட்ட சுனில் சேத்ரி இருக்கும்போது அந்தக் கேள்விக்கே இடம் உண்டா? "சுனி கோஸ்வாமி காலத்துல ஆசியாவே நம்மளப் பார்த்து நடுங்குச்சு" என்கிறாரே மாமனார், அது நடந்ததா, இல்லை பழங்கதையா? அந்தக் கால ஆட்களை இன்று ஐ.எஸ்.எல்.லில் (இந்தியன் சூப்பர் லீக்) இறக்கிவிட்டால் தாக்குப்பிடிப்பார்களா? கேள்வி நாலு மாதிரித் தெரிந்தாலும் நீங்கள் கேட்க வந்தது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கோல் கணக்கை மட்டும் வைத்து இந்தச் சண்டையை முடித்துவிடலாமா? முடியாது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நம் ஊரில் விளையாட்டுப் பேச்சு என்றால் சின்னப்பம்பட்டி நடராஜன், பெரியவடகம்பட்டி மாரியப்பன் என்றுதான் போகும். கால்பந்துக்காக ஒரு வீட்டில் மாமனாரும் மருமகனும் முறைத்துக்கொண்டார்கள் என்பதே எனக்குச் சந்தோஷம்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். கல்லூரி அணியில் இடது பேக், அதாவது எதிரணியின் வலது விங்கில் (ஓரத்தில்) ஓடிவருகிறவனைத் தடுக்கும் பின்கள வீரராக, ஆடினேன். பிறகு கோச்சிங் சான்றிதழ் வாங்கி, பல வருடங்களாகக் காந்தி ஸ்டேடியத்தில் காலையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் ஆட்டங்களுக்கு விசிலும் ஊதுகிறேன். ஆகவே கண்ணால் பார்த்த ஒருவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று தைரியமாகச் சொல்வேன். 1950-களிலும் 60-களிலும் ஆடியவர்களை நான் பார்த்ததில்லை. அவர்கள் ஆடிய ஆட்டங்களின் முடிவுகள், கூட ஆடியவர்கள் சொல்லிவைத்தது, மிஞ்சியிருக்கும் துண்டு துண்டான படச்சுருள், இவ்வளவுதான் கையில் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பதிலை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். என் கணக்கில் முதல் இடம், சுனியோடு அதே முன்வரிசையில் ஆடிய பி.கே. பானர்ஜிக்கு. இரண்டாவது சேத்ரி. உங்களுக்கும் வெற்றி இல்லை, மாமனாருக்கும் இல்லை. ஆனால் மாமனார் சரியான தெருவில் வந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார் என்பேன்.

சேத்ரியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அவர் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத தகவல்கள் அதிகம். 2005 ஜூன் 12-ல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஆட்டம், அதிலேயே கோல். 2024 ஜூன் 6-ல் கொல்கத்தாவில் குவைத்தோடு ஆடி விடைபெற்றபோது 151 ஆட்டங்கள், 94 கோல்கள். ஆண்கள் கால்பந்தில் நாட்டுக்காக அடித்த கோல்களில் அன்றைக்கு அவருக்கு மேலே இருந்தவர்கள் ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி மூன்று பேர் மட்டும்தான். மறுவருடம் மறுபடி கூப்பிட்டார்கள். போனார், மாலத்தீவுக்கு எதிராக இன்னொன்று போட்டார். 40 வயதில் ஒரு முன்கள வீரரைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது என்பது அவருடைய பெருமையா, நம் கால்பந்தின் வறுமையா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என்னை அதிகம் கவர்ந்தது அந்த எண்ணிக்கை கிடையாது, அவர் ஹெட்டர் போடும் விதம். உயரம் 5 அடி 7 அங்குலம்தான். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு ஆறடி டிஃபெண்டர்களுக்கு மேலே எழும்பித் தலையால் கோல் போட்டுக்கொண்டிருந்தார். கிராஸ் (ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் தூக்கிப் போடும் பந்து) வரப்போகிறது என்று தெரிந்ததும் அவர் டிஃபெண்டருக்கு முன்னால் நிற்க மாட்டார். அவன் முதுகுக்குப் பின்னால், அவன் பார்வைக்கு எட்டாத இடத்தில் நிற்பார். டிஃபெண்டர் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்பும் அந்த நொடியில் ரெண்டு எட்டு வைத்து, அவனுக்கு முன்பே கிளம்பிவிடுவார். நின்ற இடத்திலிருந்து குதிப்பவனைவிட ஓடிவந்து குதிப்பவன் உயரம் போவான், அவ்வளவுதான் சூட்சுமம். என் பையன்களுக்கு இதை வீடியோவில் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறேன். எல்லோருக்கும் அவருடைய 11-ஆம் எண் பனியன் வேண்டும். அந்த ரெண்டு எட்டை மட்டும் யாரும் பழக மாட்டேன் என்கிறார்கள்.

பிறகு ஏன் அவருக்கு முதல் இடம் இல்லை? எதிரே நின்றது யார் என்பதுதான் காரணம். கோடையில் பையன்களை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய் முகாம் போடுவேன். ஒரு வருடம் எங்கள் அணியில் ஒருவன் உள்ளூர் லீக்கில் கோலாகக் குவித்துக்கொண்டிருந்தான். மேலே மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகளோடு ஒரு ஆட்டம். சரிவான மைதானம், பாதி ஆட்டத்துக்கு மூடுபனி. ஒல்லியாக ஒரு பையன் அவன் பின்னாலேயே சுற்றினான். நம்மாள் பந்தைத் திருப்பும் திசையில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டான். முழு ஆட்டத்திலும் நம்மாளால் கோலைப் பார்த்து ஒரு முறைகூட உதைக்க முடியவில்லை. அதற்காக அவன் லீக்கில் போட்ட கோல் எல்லாம் பொய்யாகிவிடாது. ஆனால் அவனை எடைபோட அந்த ஒரு மணி நேரம் லீக் முழுவதையும்விட எனக்கு உதவியது.

சேத்ரியின் கோல்களில் பெரும்பகுதி நேபாளம், மாலத்தீவு, பங்களாதேஷ் போன்ற தெற்காசிய அணிகளுக்கும், அதே தரத்தில் உள்ள மற்ற அணிகளுக்கும் எதிரானது. அவர் மீது குற்றம் இல்லை, யாரோடு மேட்ச் போட்டார்களோ அவர்களோடு ஆடினார். 2008-ல் டெல்லியில் தஜிகிஸ்தானுக்கு எதிரான ஏ.எஃப்.சி. (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டியில் அவர் அடித்த ஹாட்ரிக்தான் 1984-க்குப் பிறகு முதல் முறையாக நம்மை ஆசியக் கோப்பைக்குக் கொண்டுபோனது. அங்கே போய் 2011-ல் ஆஸ்திரேலியா, பஹ்ரைன், தென்கொரியா மூன்று பேரிடமும் சேர்த்து 13 கோல் வாங்கினோம். அந்த அடியிலும் பஹ்ரைனுக்கு ஒன்று, கொரியாவுக்கு ஒன்று என்று திருப்பிக் கொடுத்தவர் சேத்ரி. 2019-ல் தாய்லாந்தை 4-1 என்று வென்றோமே, அதில் இரண்டு அவருடையது. 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டத்திலும் நாம் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆக ஆசியாவின் பெரிய மேடையில் அவருடைய கோல் 4. நியாயமாகப் பார்த்தால் பாஸ் கொடுக்கக்கூட ஆளில்லாத ஒரு முன்கள வீரருக்கு 4 என்பதே பெரிய விஷயம். ஆனாலும் 94 என்ற எண்ணின் மேல் நின்று பேசுகிறவர்கள் இந்த 4-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுக்க வந்தபோது, இந்தியாவின் ஃபிஃபா தரவரிசை போதாது என்று வேலை அனுமதி மறுத்தார்கள். நாட்டின் தரம் ஆளின் காலைக் கட்டியது. இந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

பைச்சுங் பூட்டியா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய அணியின் கேப்டனாக அவருக்கு என் ஓட்டு உண்டு. 1999-ல் இங்கிலாந்தின் பெரி கிளப்புக்குப் போய், ஐரோப்பாவில் தொழில்முறை ஒப்பந்தத்தில் ஆடக் கதவைத் திறந்தவர் அவர். 1997 ஜூலையில் சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேர் பார்க்க, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக அவர் போட்ட ஹாட்ரிக் இன்னும் கொல்கத்தாவில் பேசப்படுகிறது. அன்று ஈஸ்ட் பெங்கால் கோச் யார் தெரியுமா? பி.கே. பானர்ஜி. ஆனால் பந்தைக் கையாளும் நேர்த்தியில் பூட்டியா, சேத்ரி இருவரையும்விட ஒரு படி மேலே இன்னொருவர் இருந்தார்.

ஐ.எம். விஜயன். தமிழ்ப் படங்களில் வில்லனாக வந்த முகம் என்றால் உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த பையன், 17 வயதில் கேரளா போலீஸ் அணிக்குள் வந்தார். 1997-ல் கொச்சியில் நேரு கோப்பை நடந்தபோது நாங்கள் சில பேர் ரயிலேறிப் போய்ப் பார்த்தோம். டிவியில் பார்த்தபோது புரியாத ஒன்று அங்கே புரிந்தது. உயரமாக வரும் பந்தைச் சாதாரண ஆட்டக்காரன் காலில் வாங்குவான். பந்து ஒரு முழம் தள்ளிப் போகும். அந்த ஒரு முழத்துக்குள் டிஃபெண்டர் வந்துவிடுவான். விஜயன் தொடையை லேசாகப் பின்னுக்கு இழுத்து வாங்குவார். பந்து செத்துப்போய் அவர் காலடியில் விழும். டிஃபெண்டர் வந்து சேரும்போது அவர் ஏற்கெனவே அடுத்த பக்கம் திரும்பியிருப்பார். எனக்குத் தெரிந்து இந்தியாவில் நேரில் பார்த்தவர்களில் இதைச் செய்ய அவருக்கு நிகர் இல்லை. 2003-ல் ஹைதராபாத் ஆஃப்ரோ ஏசியன் கேம்ஸில் வெள்ளி வாங்கினோம்; 34 வயதில் அந்தப் போட்டியில் அதிக கோல் போட்டவர் அவர்தான். ஆனால் அவர் ஆடிய காலத்தில் இந்திய அணி ஆசியாவில் எங்கேயும் இல்லை. அவர் திறமைக்கேற்ற எதிரி அவருக்குக் கிடைக்கவே இல்லை. பிறந்த காலம் தப்பு என்றுதான் சொல்ல வேண்டும். 2025-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அதுவும் தாமதம்தான்.

சரி, இப்போது மாமனார் கட்சிக்கு வருவோம். ஆசியா நடுங்கியதா? 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் சைலன் மன்னா தலைமையில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். 1962 ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். இவை நூற்றுக்கு நூறு உறுதியானவை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் சில இடங்களில் பளபளப்பு குறையும். 1956-ல் கால்பந்துக்கு வந்ததே 11 அணிகள். முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் நாம் ஆடாமலே காலிறுதிக்குப் போனோம். ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம், நெவில் டிசோசா ஹாட்ரிக் போட்டார்; ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் போட்ட முதல் ஹாட்ரிக் அது. பிறகு யூகோஸ்லாவியாவிடம் 1-4, பல்கேரியாவிடம் 0-3. ஆக, நான்காம் இடத்துக்கு நாம் வென்றது ஒரே ஒரு ஆட்டம். அதேபோல 1964 ஆசியக் கோப்பையில் ஆடியது நாலே நாலு அணிகள். இதை மாமனாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

அதே மூச்சில் இதையும் சொல்லுங்கள். அந்த யூகோஸ்லாவியா ஆட்டத்தில் முதல் கோல் போட்டது நாம்தான், அதுவும் டிசோசாதான். நாலு வருடம் முன்னால் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அதே யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றவர்கள் நாம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 1-2 என்றுதான் தோற்றோம். அந்த ஹங்கேரி அணியில் ஆடியவர் ஃப்ளோரியன் ஆல்பெர்ட். 1967-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் என்று தங்கப் பந்து வாங்கியவர். பிரான்ஸோடு 1-1. இந்த ஏற்றத்துக்குப் பின்னால் நின்றவர் ஹைதராபாத்காரரான கோச் சையத் அப்துல் ரஹீம். ஆட்டக்காரர்களைப் பற்றியே சண்டை போடுகிறோம், அவரை மறந்துவிடுகிறோம்.

சந்தேகத்துக்குரிய கதைகளையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். வெறுங்காலோடு ஆட விடாததால்தான் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லை என்ற கதை எல்லா டீக்கடையிலும் ஓடுகிறது. இடம் கிடைத்தது உண்மை, போகாததும் உண்மை. காரணம் மட்டும் அவ்வளவு எளிதானது கிடையாது. அன்றைய சங்கத்துக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது, உலகக் கோப்பையின் மதிப்பை யாரும் உணரவில்லை என்பதே பொருத்தமாகப் படுகிறது. சுனி கோஸ்வாமியை டாட்டன்ஹாம் கூப்பிட்டது என்ற கதையும் அப்படித்தான்: திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது, ஆனால் அதன் மேல் எடை வைத்து ஒருவரைப் பெரியவர் ஆக்க நான் தயாராக இல்லை. அது இல்லாமலே சுனி பெரிய ஆள்தான். 1954 முதல் 1968 வரை மோகன் பகானைத் தவிர வேறு கிளப்புக்கு ஆடாதவர், ஜகார்த்தாவில் கேப்டன், அப்புறம் பெங்கால் ரஞ்சி கிரிக்கெட் அணியையும் இறுதிப் போட்டி வரை நடத்திச் சென்றவர். இரண்டு விளையாட்டில் ஒரே ஆள் இந்த உயரம் போவது அபூர்வம்.

அந்தக் கால முன்வரிசையின் மூன்று பேர் சுனி, பி.கே., துளசிதாஸ் பலராம். தமிழனாக எனக்குப் பலராம் பெயரைச் சொல்லவே ஆசை. செகந்திராபாத் பக்கம் அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். (சேத்ரி பிறந்ததும் செகந்திராபாத்தில்தான், அந்த ஊர் மண்ணில் என்ன இருக்கிறதோ.) முன்வரிசையில் எந்த இடத்திலும் ஆடுவார். ரோமில் ஹங்கேரிக்கு எதிரான நம் கோல் அவருடையது. ஜகார்த்தாவில் ஜப்பானுக்கு எதிராகவும் போட்டார். மூவரில் பந்துத் திறமை யாருக்கு அதிகம் என்று கேட்டால் பலராமைச் சொல்கிறவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். ஆனால் நுரையீரல் கோளாறு வந்து 1963 வாக்கில், 27 வயதைத் தாண்டுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. சுனிக்கும் பி.கே.க்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருக்கு அர்ஜுனா விருதோடு சரி. 2023-ல் இறந்தபோது நம் பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மனசு அவர் பக்கம் போகிறது, ஆனால் முழுதாக ஆடி முடிக்காத ஒருவரை முதல் இடத்தில் வைக்கக் கை வரவில்லை.

பி.கே.யை வைக்கக் காரணம் 1962 செப்டம்பர் 4. ஜகார்த்தாவில் அன்று நிலைமை மோசம். இஸ்ரேலையும் தைவானையும் விடாமல் நடத்திய போட்டியை ஆசிய விளையாட்டு என்று சொல்லக் கூடாது என்று இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி பேசியதால் ஊரே நமக்கு எதிராகக் கொதித்தது. தூதரகத்தின் முன்னால் கும்பல் திரண்டது. மைதானம் நிறைய ஆட்கள், எல்லோரும் நமக்கு எதிராகக் கத்துகிறார்கள். நமக்காகக் கைதட்டியது பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் மட்டும்தான் என்று அன்று ஆடியவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தில் யார் கைதட்டினார்கள் என்பதைச் சரிபார்க்க வழியில்லை, கேட்க நன்றாக இருக்கிறது. எதிரே தென்கொரியா. 1956, 1960 இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்றவர்கள், அதே போட்டியின் முதல் சுற்றில் நம்மை 2-0 என்று வீழ்த்தியவர்கள். நம் பின்கள வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல். மாற்று ஆள் இறக்கும் விதி இல்லாத காலம். உள்ளே போன 11 பேர்தான் கடைசி வரை. ரஹீம் என்ன செய்தார் என்றால், தையல் போட்ட ஜர்னைலை முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். 17-ஆவது நிமிடம் பி.கே. கோல். 20-ஆவது நிமிடம் ஜர்னைல் கோல். கொரியா கடைசியில் ஒன்று போட்டது, 2-1. ஆசியாவில் அன்றைக்கு இருந்த மிகச்சிறந்த அணியை, மிகக் கஷ்டமான நாளில் உடைத்த முதல் கோல் வலது விங்கிலிருந்து வந்த பி.கே.யுடையது. பிரான்ஸுக்கு எதிரான அந்த 1-1-லும் கோல் அவருடையதுதான், அன்று கேப்டனும் அவரே. 1958, 62, 66 என்று மூன்று ஆசிய விளையாட்டு, இரண்டு ஒலிம்பிக்.

இடது பேக்காக நின்றவன் என்பதால் அவர் ஆட்டத்தின் அருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கும். வலது விங்கில் வெளியே மட்டும் ஓடுகிறவன் என்றால் கோட்டோரம் தள்ளிவிடலாம். உள்ளே மட்டும் வெட்டுகிறவன் என்றால் உள்பக்கத்தை அடைத்துக்கொள்ளலாம். வேகமாக ஓடி கிராஸும் போடுவான், உள்ளே வந்து பலமாக ஷாட்டும் அடிப்பான் என்றால் எந்தக் காலை முன்வைப்பது என்றே தெரியாது. பி.கே.யின் வேகத்தையும் ஷாட்டின் பலத்தையும் பற்றிக் கூட ஆடியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

இன்னொன்று உண்டு. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் என்ற மூன்று பெரிய கிளப்புகளைச் சுற்றியே கொல்கத்தா கால்பந்து. பி.கே. தன் முக்கியமான வருடங்களை ஈஸ்டர்ன் ரயில்வே அணியில் கழித்தார். 1958-ல் அந்த ரயில்வே அணி கொல்கத்தா லீக்கையே வென்றது. அதன் பிறகு அந்த மூன்று கிளப்புக்கு வெளியே ஒரு அணி அந்தப் பட்டத்தைத் தொட 2019 வரை ஆனது. நட்சத்திரங்கள் சூழ ஆடுவது வேறு, சாதாரண ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஜெயிப்பது வேறு. ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன் ரயில்வேக்காரருக்குத்தான் ஓட்டுப் போடுவான் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், 1958 லீக் பட்டம் யார் சிரித்தாலும் அங்கேயேதான் இருக்கும். 2004-ல் ஃபிஃபா தன்னுடைய ஆர்டர் ஆஃப் மெரிட் கௌரவத்தை அவருக்குக் கொடுத்தது. கோச்சாக அவர் செய்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் சண்டையே முடிந்துவிடும்.

என் தீர்ப்பில் ஓட்டை எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். நானும் கோல் போடுகிறவர்களைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். பின்னால் நின்றவர்களின் வேலைக்குக் கணக்கு எழுத யாரும் இருந்ததில்லை. ஜகார்த்தா இறுதியில் கோல் காத்த பீட்டர் தங்கராஜை எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவ மையத்துக்காக ஆடியவர், முதலில் முன்கள வீரர், பிறகு கோல்கீப்பர். 2019 செப்டம்பரில் தோஹாவில் கத்தாரோடு 0-0 என்று நின்றோமே, அன்று சேத்ரி காய்ச்சலில் ஆடவே இல்லை. காப்பாற்றியது கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துதான். அந்த ஆட்டத்தை ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர்? ஜர்னைல், தங்கராஜ், அதே ஜகார்த்தா அணியின் பின்கள வீரர் அருண் கோஷ் மூவரில் ஒருவரை யாராவது முதல் இடத்தில் வைத்தால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன், காரணம் மட்டும் கேட்பேன்.

நீங்கள் கேட்காத ஒன்று. பெண்களைச் சேர்த்தால் இந்தப் பட்டியல் கலையும். மணிப்பூரின் ஒயினாம் பெம்பெம் தேவி பதின்வயதில் நாட்டு அணிக்குள் வந்து, சுமார் இருபது வருடம் ஆடினார். 2025 ஜூலையில் நம் பெண்கள் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ஆண்கள் அணியின் இன்றைய நிலையைப் பார்க்கும்போது, இன்னும் இருபது வருடம் கழித்து இதே கேள்வியை யாராவது கேட்டால் பதில் ஒரு பெண்ணின் பெயராக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டமே வாங்கியவர்கள். காந்தி ஸ்டேடியத்துக்கு வரும் பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் இதை நான் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாக அந்த ஐ.எஸ்.எல். கேள்வி. 1962 பி.கே.யை அப்படியே தூக்கிவந்து இன்று இறக்கினால் திணறுவார். இன்றைய டிஃபெண்டர்கள் கூட்டமாக முன்னேறி இடத்தைச் சுருக்கிவிடுவார்கள். அன்று விங்கருக்குப் பந்து வாங்கி, நிமிர்ந்து பார்த்து, ஓட நேரம் இருந்தது, இன்று இல்லை. ஆனால் அவருக்கு இன்றைய சாப்பாடு, ஜிம், வீடியோ, பிசியோ எல்லாம் கொடுத்து ஒரு சீசன் பழக்கினால், அந்த வேகத்துக்கும் ஷாட்டுக்கும் எந்த கிளப்பும் காசு கொடுக்கும். மறுபக்கமும் பாருங்கள்: சேத்ரியை 1962-க்கு அனுப்பினால்? உடலைப் பேணும் ஒழுக்கத்தில் அன்றைய முன்களத்தில் யாரையும் அவர் மிஞ்சுவார். ஒரே சிக்கல் பந்து. தோல் பந்து, மழை பெய்தால் தண்ணீர் குடித்துக் கல் மாதிரி கனக்கும். அந்த ரெண்டு எட்டு ஓடிவந்து குதிக்கும் ஹெட்டரை ஆட்டத்துக்கு ஒரு தடவைக்கு மேல் முயற்சி செய்திருக்க மாட்டார்.